மீதி ஆறு எங்கே?

ஆஷிகா எடுத்த சீட்டில் ‘வேண்டும்’ என்று இருந்தது. ஜாய்ஸ் எடுத்ததில் ‘வேண்டாம்’.

கரும்பலகையில் டீச்சர் தலைப்பை எழுதினார்: ‘கார்கள் குறைந்த எரிபொருளில் நிறைய தூரம் ஓட வேண்டும் என்று அரசு சட்டம் போட வேண்டுமா?’ திங்கள்கிழமை ஆறாம் வகுப்பில் பட்டிமன்றம்.

பள்ளி விட்டதும் ஜாய்ஸ் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

“நில்லுடி! ஏன் ஓடுற?”

“எங்கப்பா வண்டி பழசு. சட்டம் வந்தா அதைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நீ அதுக்குத்தானே பேசப்போற?”

“சீட்டுல வந்துச்சுடி! நானா கேட்டேன்?”

“அப்ப என்கிட்ட பேசாத.”

அவ்வளவுதான். ஜாய்ஸின் அப்பா மிக்கேல்ராஜுக்கு அந்த வாடகைக் கார்தான் பிழைப்பு. அது ஆஷிகாவுக்கும் தெரியும். சட்டம் வந்தால் நிஜமாகவே தூக்கிப் போய்விடுவார்களா? இரவெல்லாம் அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது.

சனிக்கிழமை காலை குடவாசல் கார் ஸ்டாண்டுக்கே போய்விட்டாள். மிக்கேல்ராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் ஜாய்ஸ். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அங்கிள், உங்க வண்டி எவ்வளவு குடிக்குது?”

பக்கத்து வண்டி டிரைவர் ஜாஃபர் சாதிக் வாய்விட்டுச் சிரித்தார். “மிக்கேலு, உன் வண்டி குடிக்குதாமே! சொல்லவே இல்ல?”

“எவ்வளவு குடுக்குதுன்னு கேக்கணும் பாப்பா” என்றார் மிக்கேல்ராஜ். “லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் குடுக்குதுன்னு கணக்கு.”

“சரி, எவ்வளவு குடுக்குது?”

“வாங்கும்போது இருபதுன்னு சொன்னாங்க.”

“குடுத்துச்சா?”

அவர் தலையைச் சொறிந்தார். “பதினாலு குடுக்கும்.”

“புதுசுலயாவது இருபது குடுத்துச்சா?”

“அப்பவும் பதினஞ்சத் தாண்டலம்மா.”

“அப்ப இருபதுல பதினாலு போக மீதி ஆறு எங்க அங்கிள் போச்சு?”

“என்னம்மா, போலீஸு மாதிரி விசாரிக்கிற!” என்றார் ஜாஃபர் சாதிக்.

மிக்கேல்ராஜ் கதவைத் திறந்தார். “ஏறு. வீட்டுக்குத்தான் போறோம். மீதி எங்க போகுதுன்னு காட்டுறேன்.”

ஊர் எல்லை தாண்டியதும் பாதி ரோட்டை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடை நேரம். பொன்னுத்தாய் அக்கா காலால் நெல்லைக் கிளறிவிட்டபடி கத்தினார். “டயரை ஏத்திடாதீங்கண்ணே!”

கார் இரண்டாவது கியரில் ஊர்ந்தது. நின்றது. எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டது. மறுபடியும் ஊர்ந்தது.

“பாத்தியா? இப்படித்தான் டீசல் போவுது” என்றார் மிக்கேல்ராஜ்.

ஆஷிகா நெல்லையே பார்த்தாள். “இந்த வண்டியச் செஞ்சவங்க இந்த ரோட்டைப் பாத்திருப்பாங்களா?”

“எங்க பாத்தாங்க? எங்கயாவது காலி ரோட்டுல ஓட்டிப் பாத்திருப்பாங்க.”

“அப்ப தப்பு அவங்க மேலதானே! சட்டம் போட்டா அவங்களுக்குத்தான் போடணும். அங்கிள் பாவம், ஏமாந்தவரு!”

“யாரும்மா ஏமாந்தவரு?” என்று மிக்கேல்ராஜ் முறைத்தார்.

ஜாய்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆனாலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கள்கிழமை ஆஷிகா எழுந்து நின்றாள்.

“சட்டம் வேணும் டீச்சர். ஆனா ஓட்டுறவங்களுக்கு இல்ல, செய்யிறவங்களுக்கு. பழைய வண்டி ஓடுற வரைக்கும் ஓடட்டும். புது வண்டிய நெல் காயிற ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு, எவ்வளவு குடுக்குதுன்னு உண்மையா எழுதி ஒட்டணும். குறைச்சலாக் குடுத்தா விக்கவே விடக்கூடாது!”

வகுப்பு கைதட்டியது. ஜாய்ஸ் எழுந்தாள். நேராக ஆஷிகாவைப் பார்த்துக் கேட்டாள்.

“நல்லாக் குடுக்குற வண்டி செய்யணும்னா விலை ஏறிடுமே. அப்புறம் எங்கப்பா மாதிரி ஆளுங்க எப்படிப் புது வண்டி வாங்குவாங்க?”

ஆஷிகா டீச்சரைப் பார்த்தாள்.

“தெரியல டீச்சர். நல்ல கேள்வி.”

வகுப்பே சிரித்தது. யார் ஜெயித்தார்கள் என்று டீச்சராலும் சொல்ல முடியவில்லை.

மாலையில் ஜாய்ஸ் பள்ளி வாசலில் காத்திருந்தாள். “பதில் தெரியலன்னு ஏன்டி சொன்ன? அரசு பாதி விலை குடுக்கணும்னு சொல்லியிருக்கலாமே!”

“பாதியா? அரசுக்கு அவ்வளவு பணம் எங்கேருந்து வரும்?”

“அதை நீதான் யோசிக்கணும். வேணும்னு சொன்னது நீதானே!”

“கேட்டது நீதானே!”

வாய்க்கால் பாலம் வந்தது. இருவர் வீட்டையும் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை.