கூழ் ஊற்றிய நாளின் எறால்

ஒரு பை எறாலோடும் அழுது வீங்கிய கண்களோடும் பூவிழி வந்து நின்றபோது ரோஸ்மேரி காலை இட்லியை முடித்திருக்கவில்லை. கடலோரக் காவலில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழவேற்காட்டில் எது தொலைந்தாலும் ஜனங்கள் இன்னும் ஸ்டேஷனுக்கு முன்னால் இவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். கணவர் தேவதாஸ் ஸ்கூல் வேன் ஓட்டியவர். துப்புத் துலக்குவதில் மனைவியைவிட அவசரக்காரர்.

“அலையாத்தி மரத்த வெட்டிட்டாங்கக்கா. மணல் திருடற படகு உள்ள வர்றதுக்கு வழி பண்ணிக்கினானுங்க. காவலுக்கு இருந்த ஆல்வின பாரஸ்டுக்காரங்க இட்டுக்கினு போய்ட்டாங்க.”

அந்தக் காட்டைப் பூவிழியும் அவள் அண்ணன் தினகரனும் இடுப்பளவு சேற்றில் நின்று நட்டு வளர்த்தார்கள். காட்டின் காவல் குழுவுக்குத் தலைவனும் தினகரன்தான்.

“எப்ப வெட்டினாங்க?”

“நேத்து பகல்ல. அம்மனுக்குக் கூழ் ஊத்தற நாளு, ஊரே கோயில்ல இருந்துச்சு. ஆல்வின் கடல் பக்கமே இல்லாத அனுப்பம்பட்டுப் பையன், பாவம், தனியா கெடக்கறான்னு நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன். சாயங்காலம் திரும்பிப் போனவன்தான் பாத்துட்டு அலறினான். இப்ப பழிய அவன் தலையிலயே கட்டிட்டாங்க.”

“வெளியூர் கும்பல். வழி காட்டினது ஆல்வின். தெளிவா இருக்குதே!” என்றார் தேவதாஸ்.

“உங்களுக்கு எல்லாமே தெளிவாத்தான் இருக்கும். இட்லியச் சாப்பிடுங்க” என்ற ரோஸ்மேரி பையைத் திறந்து பார்த்தார். “எறால் ஏது?”

“எங்க கட்டுவலையில விழுந்ததுக்கா. வெடியகாலம் காட்டப் பாக்கப் போனேன், வழியில வலைய எட்டிப் பாத்தா மடிப்பை நெறைய. அம்மனே குடுத்தானு உங்களுக்கும் கொஞ்சம் எடுத்தாந்தேன்.”

ரோஸ்மேரி கை கழுவிக்கொண்டு எழுந்தார்.

காட்டுக்குள் படகு போக ஓடை வாய் ஒன்றுதான் வழி. அதன் குறுக்கே கழிகளில் கட்டியிருந்தது பூவிழி வீட்டு வலை; அண்ணனும் தங்கையும் தினம் கட்டுவது. கரையில் வெட்டிய அடிமரங்கள் இன்னும் ஈரமாக இருந்தன. தினகரன் அங்கேயே நின்றிருந்தான்.

“ஆல்வின நம்பி மோசம் போனோம்க்கா” என்றான்.

ரோஸ்மேரி வலையைத் தடவிப் பார்த்தார். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. “பூவிழி, திருவிழா அன்னிக்குத் தொழில் உண்டா?”

“கெடையாதுக்கா. மொத நாளே மடியோட முடிச்ச அவுத்து உட்ருவோம். மீனு வந்தாலும் வெளிய பூடும். நான்தான் அவுத்தேன்.”

“அப்ப எறால் எப்படி விழுந்துச்சு?”

“மடி கட்டித்தான் இருந்துச்சுக்கா, வெடியகாலம் நான்தான் முடிச்ச அவுத்து எறால எடுத்தேன்” என்றாள் பூவிழி.

“மரத்த வெட்ட வந்த படகு இந்த வழியாத்தான் வந்து போகணும்” என்றார் ரோஸ்மேரி. “வெளியாளா இருந்தா வலைய அறுத்துட்டுப் போயிருப்பான். ஆல்வினுக்கு வலை கட்டவே தெரியாது. யாரோ பதமா அவுத்து, படகு போனதும் மறுபடி கட்டியிருக்காங்க.”

“அப்ப ஊர்ல எவனோ ஒருத்தன்!” என்றார் தேவதாஸ்.

“ஊர்க்காரனா இருந்தா அவுந்து கெடந்த மடிய அப்படியே உட்டிருப்பான். தெனமும் இந்த வலையக் கட்டற கைதான், யோசிக்காம மடியையும் சேத்துக் கட்டும். பூவிழி, ஆல்வினக் கூழுக்குக் கூப்பிடணும்னு யாருக்குத் தோணுச்சு?”

“எனக்கு...” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். கூழ்ப் பானையருகே குனிந்து, ‘அந்தப் பையனையும் கூப்பிடும்மா, பாவம்’ என்று சொன்ன குரல் காதில் கேட்டது. என் அண்ணனுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நேற்று பூரித்துப்போயிருந்தாள். அப்புறம் அவன் எங்கே போனான் என்று பார்க்கவில்லை, ஊற்றுகிற அவசரம். அவள் இரக்கத்தையே எடுத்து அவன் தூண்டிலில் கோத்திருக்கிறான்.

“அண்ணா?”

தினகரன் வலையைப் பார்த்தான், தங்கையைப் பார்க்கவில்லை. “காசு குடுத்த மணல்காரனுங்க வலைய அறுத்துடலாம்னுதான் சொன்னானுங்க, பூவு. நான்தான் உடல. நம்ம வலையாச்சே, உன் சோறாச்சே.”

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை” என்று முணுமுணுத்தார் தேவதாஸ்.

“வலைய அறுத்துட்டுக் காட்ட உட்டிருக்கலாமேண்ணா” என்றாள் பூவிழி.

நேற்று ஆல்வினைக் கூப்பிட்ட அதே போனை எடுத்தாள். பாரஸ்ட் ஆபீசில் மணி அடித்தது. எடுத்தவரிடம் தன் பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். பிறகு, குரல் உடையாமல், கூடப்பிறந்தவன் பேரைச் சொன்னாள்.