ஒரே விரிசல், இரண்டு முறை

சுவரில் அந்த விரிசல் இரண்டு முறை இருந்தது.

விரிசல் இல்லாத சுவர் எது? ஆனால் இது அச்சு அசல். மேலே நூலிழையாகத் தொடங்கி, நடுவில் முழங்கைபோல மடங்கி, கீழே மூன்றாகப் பிரிந்து, நடுக்கிளையின் நுனியில் ஓர் ஆணித்துளை. ஒரு கை தூரம் தள்ளி மறுபடியும் அதே நூலிழை, அதே மடக்கு, அதே மூன்று கிளை, அதே ஆணித்துளை. ஸ்டூடியோவுக்குக் கிளம்பியவன் தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டான். தன் கைவேலை தனக்குத் தெரியாதா?

ஸ்டூடியோவில் அவனுக்கு டச்சப் வேலை. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களின் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் எல்லாவற்றையும் காணாமல் போகச் செய்வான். அழிப்பது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் யாரும் எதையும் அழிப்பதில்லை. பக்கத்தில் நல்ல தோலாகப் பார்த்து ஒரு துண்டைப் பிரதி எடுத்து, கெட்டதன்மேல் போட்டு மூடுவதுதான் தொழில். அவசரப்பட்டால் பக்கத்திலிருந்த மச்சமும் கூடவே வந்து இரண்டாவது இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். "இந்தம்மாவுக்குக் கூடுதலா ஒரு மச்சம் குடுத்திருக்கியே, அதுக்கும் சேத்து பில் போடவா?" என்று முதலாளி கிண்டல் செய்வார்.

சாயங்காலங்களில் அவன் போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவான். பழைய சுவரில் வெயில் சாயும்போது வரும் அந்த மஞ்சள், தையற்கடைக்காரர் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோப்பது, மழை விட்டதும் கம்பிகளில் வரிசையாகத் தொங்கும் சொட்டுகள், மாடியில் காயும் போர்வைக்குள் காற்று புகுந்து புடைப்பது. 'நம்ம தெரு' என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி இவற்றைப் போட்டுவந்தான். தெருக்காரர்களே, "இது நம்ம தெருவா? சத்தியமா?" என்று வந்து கேட்டார்கள். அழகைக் கண்டுபிடிப்பதில் அவன் கண் அவ்வளவு கெட்டி.

அசிங்கத்தைப் பொறுத்துக்கொள்வதில்தான் ரொம்ப மோசம். யாராவது சளியைக் காறினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பிறர் குடித்த டம்ளரைத் தொட விரல் கூசும். "நீங்க மனுஷனாப் பொறந்ததே தப்பு. கடையில ஷோகேஸ் பொம்மையா நின்னிருக்கணும்" என்பாள் மனைவி.

முந்தின நாள் எடுத்த படத்தில் சுவரும் வெயிலும் அற்புதமாக வந்திருந்தன. ஆனால் சுவரோரம் குப்பைமேடு. வாய் கிழிந்த பைகள், ஊறிப்போன மெத்தை, அடியிலிருந்து கசிந்த கறுப்புத் தண்ணீர். சுவரிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்து அதன்மேல் மூடினான். தூக்கக் கலக்கத்தில் விரிசலும் கூட வந்துவிட்டதைப் பார்க்காமலே பக்கத்தில் போட்டுவிட்டான்.

இப்போது அந்த இடத்தில் குப்பைமேடு இல்லை. படத்தில் இருந்தபடியே சுவர் இருந்தது.

"எப்ப வந்து அள்ளினாங்க தம்பி? நான் கடையிலேயேதான் இருந்தேன், கண்ணுல படலையே" என்றார் தையற்கடைக்காரர். "நல்லதாப் போச்சு. ஆனா நாத்தம் மட்டும் போகல பாருங்க."

போகவில்லைதான். அவன் சுவரில் உள்ளங்கையை வைத்தான். வெயில் இன்னும் ஏறாத காலையில் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே எங்கோ, அடைத்த டப்பாவுக்குள் சிக்கியதுபோல, ஈக்களின் இரைச்சல்.

பயந்தானா என்றால், முதலில் இல்லை. சந்தோஷம்தான் வந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த சாயங்காலங்களில் அவன் படத்தில் மூட மூட, படிக்கட்டில் இருந்த எச்சில் கறைகள் போயின. திறந்து கிடந்த சாக்கடை போனது. உடம்பெல்லாம் சொறி பிடித்து, முடி கொட்டி, சிவந்த தோலோடு திரிந்த நாய் போனது. தையற்கடைக்காரர் இரண்டு மூன்று நாள் வாசலில் நின்று நாக்கைச் சொடுக்கி அதைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தெரு துடைத்து வைத்த மாதிரி ஆனது. மூக்கை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. நாய் படுக்கும் இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஈரமுடியும் சீழும் கலந்த ஒரு வீச்சம் மூக்கில் ஏறியது.

அப்புறம் கட்டுக்கால்.

பூட்டியே கிடக்கும் கடையின் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளைத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு துணிக்கட்டு. வெள்ளையாக இருந்து, மஞ்சளாகி, இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாத துணி. அதன் விளிம்பில் ஈ மொய்க்கும். வயிற்றிலிருந்து கிளம்புகிற மாதிரி இருமுவார், இருமி முடித்ததும் ஒரு கனைப்பு, அப்புறம் துப்புவார். அந்தக் கனைப்புக்கும் துப்புவதற்கும் நடுவில் இருக்கும் நொடிதான் அவனுக்கு எதையும்விட அருவருப்பு. ஷட்டரில் சாயங்கால வெயில் பட்டிருந்த ஒரு படத்தில், துருவேறிய தகட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவரை மூடினான். 'படத்துக்குத்தானே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். சொன்னதை அவனே நம்பவில்லை.

மறுநாள் அவர் இல்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது. படத்தை நீக்கினான். 'நம்ம தெரு' பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டான். ஷட்டர் மாறவில்லை. இனி எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தான். நல்ல முடிவுதான், ஆனால் தெரிந்த வித்தையைத் தொடாமல் இருப்பது எப்படி என்று கை கேட்டுக்கொண்டே இருந்தது. அதுவும் வீட்டில் மகள் பாப்பாவுக்கு வாய்ப்புண் வந்திருந்த நேரத்தில்.

உதட்டோரம் ஒரு கொப்புளமாகத் தொடங்கி, உடைந்து, மஞ்சள் பொருக்குக் கட்டி, கீழுதடு வரை பரவியிருந்தது. கூடவே ஜலதோஷம். மூக்கு முழுக்க அடைத்து, ராத்திரி பகலாக வாயைத் திறந்து வைத்துத்தான் மூச்சு விட்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பொருக்கு வெடித்து நீர் கசிந்தது. இடது கன்னத்தில் கடுகளவு மச்சம் ஒன்று உண்டு. தினமும் காலையில் அதில்தான் முத்தம் கொடுப்பான். இன்று காலை அவள் வழக்கம்போல முகத்தைத் தூக்கிக் காட்டியபோது அந்த வாயிலிருந்து மருந்தும் புளிப்புமாக ஒரு வாடை அடித்தது. அவனுக்கு உடம்பே கூசியது.

"முதல்ல வாயை மூடு பாப்பா. பார்க்கச் சகிக்கல."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பாப்பா அழவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் முத்தம் கொடுக்க முடியவில்லை.

ஸ்டூடியோவில் நாள் முழுக்க அந்தக் கை கண்ணுக்குள் நின்றது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, கட்டுக்கால் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினான். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. தையற்கடை பூட்டியிருந்தது. துருவின் கோடு ஷட்டரில் வழிந்து இறங்கியது. பக்கத்திலேயே அதே கோடு, அதே வளைவோடு, அதே இடத்தில் முடிந்தது. அவனே வைத்தது. சுத்தமான வேலை.

தகட்டில் காதை வைத்தான்.

வெதுவெதுப்பு. ஈக்கள். அப்புறம், வயிற்றிலிருந்து கிளம்புகிற இருமல். ஒரு கனைப்பு. நிறுத்தம். துப்பும் சத்தம் வரவில்லை. துப்புவதற்கு அங்கே இடம் இல்லை. விழுங்கும் சத்தம் கேட்டது.

நகத்தால் கோட்டின் ஓரத்தைச் சுரண்டினான். தகடு என்றால் கீறல் சத்தம் வர வேண்டும். வரவில்லை. நகம் உள்ளே இறங்கியது. தோல்போல விலகியது. விலகிய இடத்தில் மஞ்சளாக ஏதோ துளிர்த்து, விரலில் இறங்கி, உள்ளங்கை வரை வழிந்தது. அந்த வாடை. அந்தத் துணிக்கட்டின் வாடை. உள்ளேயிருந்து ஒரு கை, ஐந்து விரலும் தெரிய, தகட்டை வெளிப்புறமாக அழுத்தியது.

இன்னும் கொஞ்சம் கிழித்திருந்தால் போதும். அவனுக்கே தெரியும். இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்திருந்தால் ஆள் வெளியே வந்திருப்பார். ஆனால் அந்த ஈரத்துக்குள் விரலை விட அவனால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினான்.

மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவன் போன்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? இருங்க, இதப் பாருங்க. ஸ்கூல் ஐடி கார்டுக்கு இன்னைக்கே போட்டோ அனுப்பணும்னு டீச்சர் மெசேஜ் போட்டாங்க. நான் வேற மறந்தே போயிட்டேன். இந்தப் புண்ணோட எப்படி அனுப்புறது? நானே தொடச்சுட்டேன்."

"என்னது?"

"நீங்க செய்றதைத் தினம் பாத்துட்டுதானே இருக்கேன். என்ன, கொஞ்சம் கை நழுவிடுச்சு. நீங்க வந்து சரி பண்ணிடுவீங்கன்னு அப்படியே விட்டுட்டேன்."

போனை வாங்கினான். பாப்பாவின் கன்னம். மச்சம். அதற்குக் கீழே இன்னொரு மச்சம். அதற்கும் கீழே இன்னொன்று.

"பழைய படம் எங்க?"

"அதுமேலயேதான் சேவ் பண்ணேன். ஏங்க?"

"பாப்பா எங்க?"

"தூங்கறா. மருந்து குடுக்க எழுப்பணும்."

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. மின்விசிறி. மருந்து வாடை. அடைத்த மூக்கில் காற்று நுழையப் பார்க்கும் மெல்லிய விசில் சத்தம். நின்றது. மறுபடி விசில். நின்றது.

"பாப்பா?"

கட்டிலில், சுவரைப் பார்த்து, உட்கார்ந்திருந்தாள். திரும்பினாள்.

கூடத்து வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கன்னம். மச்சம். கீழே கன்னம். மச்சம். கீழே கன்னம். மச்சம். தாடை. புண் இல்லை. பொருக்கு இல்லை. வழவழவென்று நல்ல தோல். உதடு இருந்த இடத்தில் அந்தத் தோல் அசைந்தது. உள்ளேயிருந்து நாக்கு முட்டியது. இடப்பக்கம் போனது. வலப்பக்கம் போனது. வழி தேடியது.

விசில் இல்லை இப்போது. கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டினாள். கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

கிழிக்க வேண்டும். இப்போதே. நகத்தால். எதனாலாவது.

நக இடுக்கில் அந்த மஞ்சள் இன்னும் காயவில்லை. தோலுக்கு அடியில் நாக்கு நெளிந்தது. கை எழவில்லை.

"எழுந்துட்டாளாங்க?" என்றாள் மனைவி கூடத்திலிருந்து.

அவன் ஓரடி பின்னால் போனான்.

பாப்பா அதைப் பார்த்தாள். நீட்டிய கைகளில் ஒன்றை மெல்ல மடக்கி, காலையில் செய்தது போலவே, வாய் இருந்த இடத்தை மூடிக்கொண்டாள்.