கார்ஸ்கேல் கவுண்ட்டரில் ஓர் ஒருவழி டிக்கெட்

தெல்மா கிரிம்ஷா கார்ஸ்கேல் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்த நான்காம் நாள் அது. 1979, நவம்பர் பன்னிரண்டு. காலையில் டிக்கெட் அறையைத் திறந்ததும் அடைபட்டுக் கிடந்த ஈர வாடை முகத்தில் அடித்தது. கணப்பில் கரி போட்டு மூட்டினாள். டீக்குத் தண்ணீர் வைத்தாள். அப்புறம்தான் மேசைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள்.

‘உடம்பு சரியில்லை. இன்று வரமாட்டேன். நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடு. அதற்குப் பிறகு யார் தட்டினாலும் திறக்காதே. டட்டன்.’

ஹோரஸ் டட்டன் அந்த ஸ்டேஷனுக்குப் பொறுப்பாளர். ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நேற்று சாயங்காலம்வரை கல்லுப்பிள்ளையார்போல உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரே ராத்திரியில் என்ன வந்துவிட்டது என்று தெல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கடைசி வண்டி ஆறு மணிக்கு. நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்தினால் டிக்கெட்டை யார் கொடுப்பது?

பாதை கார்ஸ்கேலோடு முடிகிறது. தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு சுவர். சுவருக்கு அப்பால் வளைகுடா. கடல் வற்றினால் மூன்று மைல் அகலத்துக்கு வெறும் சாம்பல் நிற மணல்தான். எதிர்க்கரையில் ஆல்டர்வெல் ஊரின் விளக்குகள் எட்டிப் பிடித்துவிடலாம்போலத் தெரியும். ரயில் வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு அங்கே போக ஐம்பது நிமிஷம் ஆகும்.

மூன்றே முக்கால் வண்டியில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு போனார்கள். பிளாட்பாரம் காலியானது. வெளிச்சம் மங்கியது. தெல்மா கணக்குத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில் நகத்தால் தட்டும் சத்தம்.

நிமிர்ந்தாள். தலையில் துணி கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மெல்லிய கோட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கண்ணுக்குக் கீழே பழைய அடி ஒன்று மஞ்சளாய் வெளுத்துக்கொண்டிருந்தது. அன்று மழையே பெய்யவில்லை. ஆனால் அவள் முடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இதை ரிட்டர்னா மாத்திக் குடுப்பீங்களா?”

குரல் தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தது. ஜன்னலின் கீழ் இடுக்கு வழியாக ஒரு அட்டை டிக்கெட்டைத் தள்ளினாள். ஆல்டர்வெல்லிலிருந்து கார்ஸ்கேலுக்கு, ஒருவழி. ஊறிப்போய் ரொட்டித் துண்டுபோல மெத்தென்று இருந்தது. தேதி முத்திரையில் நவம்பர் பன்னிரண்டு என்பது தெரிந்தது. ஆண்டு கரைந்துபோயிருந்தது.

“காலையில வந்தீங்களா?”

“திரும்பிப் போறதா இல்ல. அதான் ஒருவழி எடுத்தேன்.” அவள் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. “ஆனா பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். அவளை அவன்கிட்ட விட முடியாது. நான் போகணும்.”

ஒருவழி டிக்கெட்டை அதே நாளில் கொண்டுவந்து மிச்சக் கட்டணத்தைக் கட்டினால் போக வர டிக்கெட்டாக மாற்றித் தரலாம். ஆனால் கேட்டைத் தாண்டி வெளியே போகும்போதே டிக்கெட்டை ஒப்படைத்திருக்க வேண்டும். இவள் எப்படியோ ஒப்படைக்காமல் போயிருக்கிறாள். சட்டம் பேசினால் பேசலாம். அந்தக் கன்னத்தைப் பார்த்த பிறகு தெல்மாவுக்குச் சட்டம் பேச நாக்கு எழவில்லை.

அந்தப் பெண் சில்லறையை எடுத்து வைத்தாள். பெரிய பெரிய பழைய செம்புக் காசுகள். அவை செல்லாமல்போய் எட்டு வருஷம் ஆகிறது.

பாவம், புத்தி கலங்கிப்போயிருக்கிறது என்று நினைத்தாள் தெல்மா. காசுகளைத் திருப்பித் தள்ளிவிட்டுத் தன் பர்ஸிலிருந்தே மிச்சத்தைப் போட்டாள். திருத்தச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக் கிழித்து நீட்டினாள்.

“இந்தாங்க. நாலு இருபதுக்கு வண்டி. போய்க் குழந்தையைப் பாருங்க.”

சீட்டை வாங்கிய விரல்கள் அவள் விரலில் பட்டன.

ஐஸ் இல்லை அது. ஐஸின் குளிர் கையிலேயே தங்கிவிடாது.

“எத்தனை தடவை கேட்டிருப்பேன்,” என்றாள் அந்தப் பெண். முதல்முறையாகச் சிரித்தாள். பல்லிடுக்கெல்லாம் சாம்பல் நிற மணல்.

நாலு இருபது வண்டி புறப்பட்டது. அவள் ஏறியதைத் தெல்மா பார்க்கவில்லை. கதவு ஒன்று அறைந்து சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. கவுண்ட்டர் பலகையில் தேங்கியிருந்த நீரைத் துடைத்த துணியை முகர்ந்தாள். உப்பும் சேறும் நாறின.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டட்டன் வந்தார். கோட்டைக் கழற்றாமலே திருத்தச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அடிக்கட்டையைப் பார்த்ததும் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“மாத்திக் குடுத்துட்டியா?”

“அடிபட்ட பொம்பளை மிஸ்டர் டட்டன். குழந்தைகிட்டப் போகணும்னு நின்னா. எப்படித் துரத்துறது?”

“நான் துரத்தினேன்.” அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். “ஐம்பத்து மூணாம் வருஷம். இதே ஜன்னல். ஆட்ரி ஸ்வேல்னு பேரு. ‘கேட்டைத் தாண்டிட்டா டிக்கெட் செத்த மாதிரி, புதுசா எடு’ன்னு சொன்னேன். கையில காசு பத்தல. கெஞ்சினா. நான் ஜன்னலைச் சாத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அவ எதிர்க்கரை விளக்கைப் பாத்துக்கிட்டே மணல்ல இறங்கி நடந்துட்டா. கடல் ஏறிடுச்சு.”

தெல்மா ஜன்னல் வழியாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உடம்பு?”

“கிடைக்கவே இல்ல. ஒவ்வொரு வருஷமும் அதே நாள் வந்து தட்டுவா. நான் சாத்திட்டு உள்ளே இருப்பேன். இந்த வருஷம் முடியல. உன் தலையில கட்டிட்டு வீட்டுல போர்த்திக்கிட்டுப் படுத்துட்டேன். கோழைப்பய நான்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பியா?”

வெளியே எட்டே கால் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இறங்குபவர்களிடம் டிக்கெட் வாங்கத் தெல்மா கேட்டுக்குப் போனாள்.

இறங்கியது ஒரே ஒருத்திதான். முப்பது வயதிருக்கும். இரவு உடைக்கு மேல் கோட்டு போட்டிருந்தாள். செருப்பில்லை. ஒரு கையைச் சற்றே உயர்த்திப் பிடித்தபடி நடந்துவந்தாள், பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சிறு பிள்ளைபோல. தலைமுடி ஒரு பக்கம் மட்டும் நனைந்து படிந்திருந்தது.

நீட்டிய டிக்கெட் ஒருவழி.

“உங்க பேரு?” என்று கேட்டாள் தெல்மா.

“பெரில் ஸ்வேல்.” அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். “அம்மா ராத்திரி வந்துட்டாங்க. பக்கத்துலயே படுத்துக்கிட்டாங்க. மூணு வயசுல போனவங்க. எனக்கு முகமே ஞாபகம் இல்ல, ஆனா கையைத் தொட்டதும் தெரிஞ்சிடுச்சு.”

“பெரில், இதை ரிட்டர்னா மாத்தித் தரேன். இப்பவே. உள்ளே வாங்க, டீ போட்டுத் தரேன்.”

பெரில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். யாரோ காதில் சொல்வதைக் கேட்பதுபோல.

“அம்மா வேண்டாங்குறாங்க. திரும்புறதுக்குன்னு வரலையாம்.”

தெல்மா அவள் தோளைப் பிடித்தாள். கோட்டுக்குள்ளிருந்து நீர் பிதுங்கி வழிந்தது. மறுகணம் ஏதோ ஒன்று தெல்மாவின் மணிக்கட்டைப் பற்றி விலக்கியது. வலிக்கவில்லை. நிதானமாக, ஒவ்வொரு விரலாக.

பெரில் ஸ்டேஷனைத் தாண்டி, சுவரிலிருந்த படிக்கட்டு வழியாக மணலில் இறங்கிவிட்டாள்.

“மிஸ்டர் டட்டன்!”

அவர் ஏற்கெனவே கதவருகில் நின்றிருந்தார். கையில் திருத்தச் சீட்டுப் புத்தகம். இரண்டு சீட்டு எழுதிக் கிழித்தார். ஒன்று பெரிலுக்கு. இன்னொன்றில் ஆட்ரி ஸ்வேல் என்று பெயரே எழுதினார். சீட்டில் பெயர் எழுதும் வழக்கமே கிடையாது.

“இருங்க, நான் போறேன். உங்களுக்கு மூச்சு வாங்கும்.”

“நீ செஞ்சது தப்பில்லம்மா. நான் அன்னிக்குச் செய்ய வேண்டியதை நீ நேத்து செஞ்சே. லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான். நீ போய் மணல்ல இறால் பிடிக்கிற வில்ஃபைக் கூப்பிடு. கயிறும் டிராக்டரும் கொண்டு வரச்சொல்லு. ஓடு!”

தெல்மா ஓடினாள். வில்ஃபோடு டிராக்டரில் தொற்றிக்கொண்டு மணலில் இறங்கியபோது கடல் ஏறத் தொடங்கியிருந்தது. ஓடைபோலக் கிளைகிளையாய்ப் பிரிந்து, சத்தமே இல்லாமல் வந்தது. அரை மைல் தூரத்தில் ஆட்கள் தெரிந்தார்கள்.

மூன்று பேர்.

“யாரு அந்த மூணாவது ஆளு?” என்றான் வில்ஃப்.

“சீக்கிரம் போங்க,” என்றாள் தெல்மா.

பெரில் இடுப்புவரை புதைமணலில் நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே முழங்காலளவு புதைந்து நின்ற டட்டன் இரண்டு சீட்டுகளையும் நீட்டிப் பிடித்திருந்தார். தலையில் துணி கட்டிய அந்த மூன்றாவது உருவம் இருவருக்கும் நடுவில் நின்றது. அதன் காலடியில் மணல் குழியவே இல்லை.

“ஆட்ரி! அன்னிக்கு நான் பண்ணினது பாவம்! பிள்ளையை விட்டுடு தாயி! அவளை வீட்டுக்குப் போக விடு!”

காற்று அந்தக் குரலைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தது. உருவம் மெல்ல அவர் பக்கம் திரும்பியது. அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டு கைகளாலும், வெகு அன்பாக, அவருடைய கையைப் பற்றிக்கொண்டது.

டட்டன் கத்தவில்லை. ஒரே இழுப்பு. கழுத்தளவு. அப்புறம் தொப்பி மட்டும்.

வில்ஃப் கயிற்றைப் பெரில் மேல் வீசி டிராக்டரைப் பின்னால் எடுத்தான். எஞ்சின் திணறியது, சக்கரம் சுழன்று சேற்றை வாரி இறைத்தது. அவள் வெளியே வந்தபோது தண்ணீர் டிராக்டரின் அச்சைத் தொட்டிருந்தது. டட்டன் நின்ற இடம் வழவழவென்று, யாரும் மிதிக்காத மணல்போல மூடிக்கொண்டுவிட்டது.

“ஒரு பொண்ணை இழுத்த கனமில்லம்மா அது,” என்று கரையேறிய பிறகு வில்ஃப் முணுமுணுத்தான். போலீஸிடம் அதை அவன் சொல்லவில்லை.

டட்டனின் உடலைத் தேடியவர்கள் மூன்று நாளில் கைவிட்டார்கள். அந்த மூன்று நாளும் பெரில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அழைத்துப்போக உறவென்று யாரும் வரவில்லை. அப்பன் எப்போதோ குடித்துச் செத்துவிட்டானாம். தெல்மா தானே லீவு போட்டு, பகல் வண்டியில் அவளை ஆல்டர்வெல்லுக்குக் கூட்டிப்போனாள். பெரியவர் தன்னைக் கொடுத்து இவளை மீட்டுவிட்டார், அந்தத் தாயும் கேட்டதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படி நினைத்தால்தான் அவளால் மூச்சுவிட முடிந்தது.

பெட்டியில் வேறு யாரும் இல்லை. நல்ல வெயில். பெரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், தெல்மா எதிரில். ஆஸ்பத்திரியில் கொடுத்த கம்பளிச் சட்டையில் பெரிலின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. வெளியே ஆடுகள் மேய்ந்தன.

தலை நரைத்த கார்டு ஒருவர் வந்தார். டிக்கெட்டுகளில் துளை போட்டுவிட்டு நகரப்போனவர் நின்றார். பெரிலுக்குப் பக்கத்து இருக்கையின் பக்கம் குனிந்தார். முகத்தில் இரக்கம்.

“அம்மாவுக்கு ஒரு போர்வை கொண்டு வரட்டுமா? இப்படி நடுங்குறாங்களே.”

இருக்கை காலியாக இருந்தது.

பெரில் அந்தப் பக்கம் திரும்பி, காதைச் சாய்த்து, பொறுமையாகக் கேட்டாள்.

“வேண்டாமாம்,” என்றாள் கார்டிடம். பிறகு ஜன்னலோரமாய் இன்னும் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்குங்க தெல்மா. உங்க பக்கத்துல மிஸ்டர் டட்டனுக்கு இடம் பத்தலையாம்.”