குழலிக்கு என்ன தொழில்?

வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் சபாபதிக்கு உயிரே போய்விட்டது.

"எழுந்திரு குழலி... எழுந்திரும்மா! யாரோ வந்துக்கினு இருக்காங்க!"

ஏலவார்குழலி தறிக்குழியிலிருந்து துள்ளி எழுந்தாள். அப்பா அதில் இறங்கி உட்கார்ந்தார். அவள் பக்கத்துப் பலகைக்கு நகர்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். கண்மூடித் திறப்பதற்குள் ஆள் மாறிவிட்டது. இரண்டு வருஷப் பழக்கம், வேகம் வராமல் என்ன செய்யும்!

கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்ய இரண்டு பேர் வேண்டும். குழியில் உட்கார்கிறவர்தான் நெசவாளி. பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறவர் துணை. சபாபதியின் வலது தோள் இறுகிப்போனதிலிருந்து பெண்தான் குழியில், அப்பாதான் துணை. ஆனால் பிள்ளையார்பாளையம் முழுக்க 'சபாபதி நெய்த சேலை' என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சைக் காப்பாற்றத்தான் இந்த ஓட்டமெல்லாம்.

"ஐயா... உள்ளே வரலாங்களா? ஜனத்தொகைக் கணக்கு."

குழலி நிமிர்ந்து பார்த்தாள். தோளில் துணிப்பை, காதோரம் பென்சில், வெயிலில் கறுத்த முகம். அந்தக் கண்கள் மட்டும்... எதையோ கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் சிரிக்கிற கண்கள்! ஏனோ அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

பெயர் உமாபதி, முனிசிபல் பள்ளிக்கூட வாத்தியார், சொந்த ஊர் வாலாஜாபாத், தன் வீட்டிலும் ஒரு காலத்தில் தறி ஓடியது என்று தன்னைப் பற்றிச் சொன்னான். சபாபதியின் விவரத்தை எழுதி முடித்து அடுத்த சீட்டை எடுத்தான்.

"உங்க பேரும்மா?"

"ஏலவார்குழலி."

"அடேயப்பா... கட்டத்துக்குள்ள அடங்காதே!"

"கட்டத்தைப் பெருசா போடச் சொல்லுங்க."

"டில்லிக்கு எழுதிப் போடறேன். வயசு?"

"இருவத்திரண்டு."

"கல்யாணம்...?"

"இன்னா கேள்வி இது?"

"நான் கேக்கலம்மா. கவர்மெண்டு கேக்குது."

"கேக்கட்டும். கவர்மெண்டு எதுக்குச் சிரிக்குது?"

உமாபதி சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டான். காது மட்டும் சிவந்துவிட்டது. "ஆகல" என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தொழில்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சபாபதி முந்திக்கொண்டார். "வீட்டு வேலைதான் சார். சமைக்கும், தண்ணி புடிக்கும்... வேற இன்னா?"

பென்சில் அப்படியே நின்றது. உமாபதி அவள் விரல்களைப் பார்த்தான். தறியைப் பார்த்தான். பிறகு, பாவி மனுஷன், எழுதியே விட்டான்... வீட்டு வேலை!

விடியலில் குழியில் கால் வைத்தால் விளக்கு வைக்கும்வரை நெய்கிறவள் அவள். ஊருக்குத் தெரிய வேண்டாம், சரி. நாட்டுக் கணக்கில்கூடவா இல்லை? வாசல்வரை அவன் பின்னாலேயே போனாள்.

"ஒரு நிமிஷம். போன வாரம் ஓட்டுப் போட்டோமே... எங்கப்பாவுக்கு ஒரு சீட்டு, எனக்கு ஒரு சீட்டு. பாருங்க, விரல்ல மை கூட இன்னும் போவல. அதுல எனக்கும் சேத்து அவரையே குத்தச் சொன்னாங்களா? இதுல மட்டும் எனக்கு வாயில்லையா?"

உமாபதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கோபத்தில்தான்... வேறு எதற்கு!

பத்து நாள் கழித்து சாயப்பட்டறையிலிருந்து பட்டு நூலை வாங்கிக்கொண்டு வரும்போது பிடித்தது மழை. பங்குனியில் இப்படி ஒரு மழையா! நூலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடி, பூட்டியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள். அங்கே ஏற்கெனவே ஒருத்தன்... சட்டையைக் கழற்றிப் பையைச் சுற்றிவிட்டு, பனியனோடு தொப்பலாக!

அவளைக் கண்டதும் சட்டையை எடுப்பதா பையைப் பிடிப்பதா என்று உமாபதி தவித்த தவிப்பைப் பார்த்து, கோபமாக இருக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. சிரித்துவிட்டாள்.

"உடம்பு நனைஞ்சா பரவாயில்லையா சார்?"

"நான் காஞ்சுடுவேன். உள்ளே நூத்திப்பதினேழு வீட்டு ஜனம் இருக்குதுங்களே!"

மழை விடவில்லை. அவனும் விடவில்லை. "நாலு தெருதாங்க. அதுக்குள்ள தமிழ், தெலுங்கு, சௌராஷ்டிரம், உருது, ஜரிகை விக்க சூரத்துலருந்து வந்த குஜராத்தி! அப்பா தறியில, புள்ளை பம்புசெட்டு கம்பெனியில, பொண்ணு டைப்ரைட்டிங்! பத்து வருஷத்துக்கு முன்ன இதெல்லாம் ஏது? முதலாளிக்கும் ஒரு சீட்டு, மூட்டை தூக்கறவருக்கும் அதே சீட்டு. இந்தியா ரொம்பப் பெருசுன்னு பசங்களுக்குப் பாடம் நடத்தறேன்... இப்பத்தான் நானே பாத்தேன்."

சொல்லும்போது அந்தக் கண்கள் மின்னிய மின்னல் இருக்கிறதே... குழலி மழையைப் பார்ப்பதுபோல அதைத்தான் பார்த்தாள். எவ்வளவு ஆசையாக எண்ணுகிறான் இந்த மனுஷன்! எண்ணுவதில் ஒரு ஆசை இருக்க முடியுமா?

"அதுல நான் வீட்டு வேலை" என்றாள் மெல்ல.

அவன் முகம் வாடிவிட்டது. "தெருவுல வரும்போதே தறிச் சத்தம் கேட்டேங்க. சீரா, நிக்காம... நான் உள்ளே வந்தப்புறம் உங்கப்பா ரெண்டு தடவை அடிச்சார். அது வேற கை."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"சொல்றதைத்தான் எழுதணும். என் மனசுல இருக்கறதை எழுத ஆரம்பிச்சா அது என் கணக்காயிடும், நாட்டுக் கணக்காவாது." கொஞ்சம் தயங்கினான். "எங்கம்மா முப்பது வருஷம் தறியில இருந்தாங்க. எந்தக் கணக்குலயும் அவங்க பேருக்கு நேரா நெசவுன்னு வரல. ரெண்டாந்தேதி மறுபடியும் வருவேன். விட்டது, தப்பினது எல்லாம் திருத்தலாம். இந்தச் சீட்டைக் கோர்ட்டே கேட்டாலும் காட்டக் கூடாது. ஐயாகிட்ட சொல்லுங்க."

மழை விட்டுவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்காததுபோல இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள்...

அன்று சாயங்காலமே அப்பாவிடம் பேச்சை எடுத்தாள். கோர்ட்டு, ரகசியம், சட்டம் எல்லாம் சொன்னாள். சபாபதி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வெடித்தார்.

"ஊரு இன்னா பேசும் தெரியுமா? பொண்ணு நெய்யுது, அப்பன் உக்காந்து துன்றான், அதான் கட்டிக் குடுக்காம வச்சுக்கினு இருக்கான்னு பேசும்! அம்மா இல்லாத பொண்ணு நீ. உனக்கு ஒரு எடம் வர வேணாமா?"

குழலிக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் இதை வெறும் வறட்டுக் கௌரவம் என்றுதானே நினைத்திருந்தாள்! அப்பா பயந்தது தனக்காக இல்லை, அவளுக்காக. ஆனால் அந்தப் பயத்துக்காகத் தன் தொழிலை இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அன்றைக்குப் பேச்சு அங்கேயே நின்றது.

ரெண்டாம் தேதி. சைக்கிள் மணி கேட்டது.

சபாபதி பலகையிலிருந்து எழுந்து அவசரமாக வந்து நின்றார். "எழுந்திரும்மா..."

குழலி எழவில்லை. கால்கள் மிதியை விடவில்லை, கை நாடாவை விடவில்லை. டக்... டக்... கரை நாடாவையும் தானே எட்டித் தள்ளி நெய்துகொண்டே இருந்தாள். உமாபதி உள்ளே வந்துவிட்டான். நின்றுகொண்டிருந்த அப்பாவையும் குழியில் இருந்த பெண்ணையும் பார்த்தான். இந்தத் தடவை அந்தக் கண்கள் சிரிக்கவில்லை.

"புதுசா யாராவது பொறந்தாங்களா ஐயா? விருந்தாளி யாராவது?"

"இல்லப்பா."

"திருத்தம் ஏதாவது...?"

தறிச் சத்தம் நின்றது. குழலி கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிடேன் அப்பா...

சபாபதி ரொம்ப நேரம் அந்தச் சேலையையே பார்த்தார். கரையும் உடலும் சேருகிற இடத்தில் விரலை வைத்துத் தடவினார். ஒரு பிசிறு இல்லை.

"எழுதுப்பா" என்றார். குரல் உடைந்துவிட்டது. "தறி அவளுது. ரெண்டு வருஷமா அவதான் நெய்யறா. நல்லா நெய்யறா... என்னைவிட நல்லா! நான் பக்கத்துல உக்காந்து நாடா தள்றவன். என்னை இன்னான்னு வேணா எழுதிக்கோ."

"பக்கத்துல உக்காந்தாலும் நெசவு நெசவுதாங்க ஐயா."

பழைய வரியை அடித்துவிட்டு, அவள் பார்க்கும்படி எழுதினான். தொழில்: நெசவு. குழலிக்கு அந்த எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. துடைத்துக்கொள்ளாமலே சிரித்தாள்.

வேலை முடிந்தது. பையை மூடியாகிவிட்டது. போக வேண்டியவன் போகவில்லை.

"ஐயா..." எச்சில் விழுங்கினான் உமாபதி. "நூத்திப்பதினேழு வீட்டுல தயங்காம கேள்வி கேட்டேன். இப்ப நாக்கு ஒட்டிக்குது. உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா? அன்னிக்கு வாசல்ல என்னைத் திட்டினாங்களே... அப்பவே நான் விழுந்துட்டேன். அவங்க இந்தத் தறியை விட வேணாம், உங்களையும் விட வேணாம். எனக்கு வேலை இங்கதான், இந்தத் தெருவுலயே வீடு பாக்கறேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து நான் கரை நாடா தள்றேன். ஊரு பேசினா, புருஷனும் சேந்து உக்காந்து துன்றான்னு பேசட்டுமே!"

சபாபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று அவர் இப்படிச் சிரித்து! பதில் சொல்ல வாயைத் திறந்தார். குழியில் இருந்த மகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அவளையே கேளுப்பா" என்றார். "அவ சொல்லுவா."

உமாபதி திரும்பினான். குழலிக்கு முகமெல்லாம் கொதித்தது. தலை குனியவில்லை. நேராக அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குதுங்க" என்றாள்.