கோயில் பாறை வழியாக...

"அந்த மரத்துக்கிட்ட வைக்காதீங்க சார்... மழை வந்தா சிக்னல் செத்துரும்!"

பிரவீனன் திரும்பினான். நீலக் குடைக்குக் கீழே இரண்டு கண்கள்... அடேயப்பா! கையிலிருந்த ஸ்க்ரூ தேயிலைத் தூருக்குள் விழுந்தது.

பதுளையிலிருந்து வந்த பொறியியலாளன் அவன். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம். மலையுச்சி மழைமானியில் அளவு மீறினால், கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சைரன் ஊத வேண்டும். அறுபது குடும்பங்கள் மண்சரிவுக்கு முன் ஓடித் தப்ப அதுதான் வழி. உச்சியிலிருந்து அலை நேரே லயத்தை எட்டாது. நடுவில் ஒரு பெட்டி அதைப் பிடித்து மறுபடி அனுப்ப வேண்டும். அந்தப் பெட்டியைத்தான் மாட்டிக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர் சொன்ன பாதைங்க இது. ஆகக் கிட்ட. நீங்க யாரு?"

"தயானி. முன்பள்ளி டீச்சர். கொரோனா நேரம் ஒன்லைன்ல படிச்சவ. எங்க சிக்னல் கிடைக்கும், எங்க செத்துரும்னு தெரியும். கோயில் பாறையில வைங்க."

"அது சுத்துப் பாதை!"

"சுத்துனாலும் போய்ச் சேருமே..."

உதட்டைச் சுழித்துவிட்டு நடந்தாள். திமிர் பிடிச்சவ! திட்டினான் சரி... வளைவில் அந்தக் குடை மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றது ஏனாம்?

மூன்றாம் நாள் சோதனை. இன்று ஊதாவிட்டால் சைரன் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் காத்திருக்க, கொட்டியது மழை. மழைமானி நிறைந்தது. சைரன்... மூச்சே விடவில்லை.

"என்ன தம்பி, ஊமையா வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள் தயானியின் அம்மா வேலாயி. களமே சிரித்தது.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சிக்னலை வெயிலில் அளந்திருந்தான், மழையில் நனைந்த இலைகள் அலையை விழுங்கிவிட்டன. பெட்டியைக் கழற்றிக்கொண்டு முன்பள்ளிக்கு ஓடினான்.

"மன்னிச்சிருங்க டீச்சர்... நீங்க சொன்னதுதான் சரி. பாறையக் காட்டுறீங்களா?"

குத்திக்காட்டுவாள் என்று பயந்தான். அவளோ குடையை விரித்து, "வாங்க, நனையாதீங்க" என்றாள். ஒரே குடை... பாதித் தோள் நனைந்தது இருவருக்கும்.

பாறையில் பெட்டி அமர்ந்தது. ஒரு நிமிடம்... இரண்டு... ஊதியது சைரன்! மலையே அதிர, களத்திலிருந்து கூச்சல் எழுந்தது. சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்தவன், சட்டென்று விட்டான்.

"டீச்சர்... எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் முகம் சிவந்தது.

"என்கிட்ட நேரா சொன்னா எப்படிங்க? அம்மாகிட்ட வந்து கேளுங்க."

"சுத்துப் பாதையா? போய்ச் சேருமா?"

தயானி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"முத நாளே நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன்... நீங்கதான் லேட்டு."