ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்ட அந்த ஞாயிறு காலையில், ஜெரி தன் பட்டறை வாசலில் டீ கிளாசோடு நின்றிருந்தான். ராயபுரம் தேவாலயத்தில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். உடம்பில் புது வெள்ளைச் சட்டை.

எதிரே ஐஸ் ஏற்றும் பழைய மினி லாரி ஒன்று, குடித்தவன் நடையாக இடமும் வலமும் அலைந்து வந்து, அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பாதி டீ தரையில்.

"யோவ்! கண்ணு இன்னா பின்னாடியா கீது?"

கதவு திறந்தது. இறங்கியவள் ஒரு பெண்.

"கண்ணு முன்னாடிதான் கீது. ஸ்டீயரிங்குதான் எங்கியோ கீது... ஸ்டீயரிங் ஜெரின்னு ஒருத்தர் இங்க கீறாராம். நீதானா? இல்ல, கல்யாண வூட்டுலேர்ந்து வழி தவறி வந்துட்டியா?"

ஜெரி நிமிர்ந்து பார்த்தான். அவள் இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அந்தக் கண்கள்... கோபமா, சிரிப்பா?

பெயர் எல்சி. காசிமேட்டு அருள்நாதனின் மகள். அப்பாவுக்கு முட்டி போனதிலிருந்து, எண்ணூரிலிருந்து படகுகளுக்கு ஐஸ் கொண்டுவருவது அவள்தான். அந்த வண்டிதான் வீட்டுக்குச் சோறு. அவளுக்கு அதற்கும் மேலே.

"கால் சுத்து சுத்துனாதான் சக்கரம் திரும்புது. பள்ளத்துல எறங்குனா இடது பக்கம் கீழேர்ந்து லொட லொடன்னு சத்தம். நான் மேல ஒக்காந்து ஆட்டறேன், நீ கீழ படுத்துப் பாரு."

அவள் சொன்னதுதான் முறை. ஒருவர் மேலே ஸ்டீயரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் அசைக்க, இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மூட்டு துள்ளுகிறதோ அது தேய்ந்திருக்கிறது. ஜெரி இதை ஆயிரம் முறை செய்தவன்.

ஆனால் வாசலில் கணுக்கால் அளவு சேறு. எதிரே அந்தக் கண்கள்.

"அத்தெல்லாம் வேணாம்மா. கை வச்சாலே எனக்குத் தெரியும்."

பானெட்டைத் திறந்தான். ஸ்டீயரிங் பாக்ஸின் தலையில் இருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கினான். இன்னும் கொஞ்சம்... ஆட்டம் போய்விட்டது.

"ஐய... கல்லு மாரி கீது!" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் இரண்டு நாள் ஓட்டினான்.

மூன்றாம் நாள் டீக்கடையில் செய்தி வந்தது. எண்ணூர் சாலை வளைவில் ஐஸ் வண்டி சுவரில் மோதிவிட்டது... ஓட்டியவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஜெரிக்கு உடனே விளங்கியது. அளவுக்கு மேல் முறுக்கிய ஸ்க்ரூ பாக்ஸை இறுக்கிப் பிடிக்கும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது.

காசிமேட்டுக்கு ஓடினான். வாசலில் முகம் நசுங்கிய வண்டி. உள்ளே அருள்நாதன் கத்திக்கொண்டிருந்தார். "பொண்ணு கையில வண்டியக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்! இனிமே சாவியத் தொட்ட..."

மாவுக்கட்டுக் கையோடு இருந்த எல்சி நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க மெக்கானிக்கு. உன் மேல தப்பில்ல, நீ நல்லாதான் பண்ண. என் கைதான் நேரத்துக்குத் திருப்பல."

பேச வேண்டிய நேரம் அதுதான். ஆனால் சொன்னால் 'ஸ்டீயரிங் ஜெரி' என்ற பெயர் போய்விடும். "உடம்பப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

எட்டு நாள். கண்ணை மூடினால், செய்யாத தப்பை ஒப்புக்கொண்ட அந்த முகம்... ஒன்பதாம் நாள், இருப்பதில் நல்லதான அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான்.

வாசலில் வண்டி இல்லை. எண்ணெய்க் கறைதான் இருந்தது.

"நேத்து வித்துட்டேன்பா" என்றார் அருள்நாதன். "மீஞ்சூர்ல உபைதுல்லா பாய்னு, தண்ணி கேன் போடறவர். முட்டுனத நேராக்கி எடுத்துகினு போய்ட்டார்."

ஒரே ஒரு நாள்!

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னான். அருள்நாதன் ஓங்கிய கை பாதியில் இறங்கியது. "எட்டு நாளா எம் பொண்ண நான் பேசாத பேச்சில்லடா... நீ வாய மூடிகினா இருந்த?"

எல்சி அழவில்லை. "அந்த ஸ்க்ரூ இன்னும் அப்டியேதான் கீதா?"

"ஆமா."

"பாய்க்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நைனா, போன் போடு, வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லு. மெக்கானிக்கு, நீ கெளம்பு, நானும் வரேன். எனக்கு வந்தது அவருக்கு வரக் கூடாது."

விம்கோ நகரில் ரயில் ஏறினார்கள். எதிரெதிர் இருக்கை. மீஞ்சூர் வரை அவள் ஜன்னலைத்தான் பார்த்தாள். வழியில் பட்டறையிலிருந்து எடுத்துவந்த புது பால் ஜாயிண்ட், சக்கரத்தைத் திருப்பும் அந்த உருண்டை மூட்டு, அவன் மடியில் கனத்தது.

"வித்த வண்டியத் தேடி வந்து ரிப்பேர் பண்றவங்கள இப்பதான் பாக்கறேன்" என்று உபைதுல்லா பாய் தாடியைத் தடவினார். மழை மறுபடி தூற ஆரம்பித்தது. எல்சி கதவைத் திறந்து, இனி தன்னுடையதல்லாத இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

ஜெரி ஸ்க்ரூவைத் தளர்த்தினான். பிறகு பாய் வாசலின் சேற்றில், வெள்ளைச் சட்டையோடு அப்படியே மல்லாந்து படுத்தான். மேலே அவள் வலது கையால் ஸ்டீயரிங்கை அசைத்தாள். ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்தான். இடது சக்கரத்துப் பால் ஜாயிண்ட், கூண்டில் மாட்டிய எலிபோல் விரலடியில் துள்ளியது.

"எல்சி... நீ சொன்ன எடந்தான். இடது பக்கம்."

ஸ்டீயரிங் நின்றது.

"அன்னிக்கே ஏன் படுக்கல?"

"சேறா இருந்துச்சு... புதுச் சட்ட." முகத்தில் சொட்டிய சேற்றைத் துடைத்தான். "நீ எறங்கி வந்து நின்ன பாரு... உன் கண்ணு எதுர்ல அழுக்கா எழுந்து நிக்க மனசு வரல. உன்ன புடிச்சிப் போச்சு எல்சி. புடிச்சதாலதான் உன் கைய ஒடச்சிட்டேன்."

மேலே கதவு திறந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் அவள் குனிந்தாள். தலைகீழாகத் தெரிந்தன அந்தக் கண்கள். இமையில் ஒரு துளி. இந்த முறை அது யோசிக்கவில்லை... விழுந்தது.

"அழுக்குச் சட்டையிலதான் நீ நல்லா கீற" என்றாள். "அன்னிக்கே காட்டியிருந்தா வண்டியும் இருந்திருக்கும்... நீயும் எங்கூட இருந்திருப்ப."

"இப்போ?"

அவள் மாவுக்கட்டுக் கையைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். சேற்றில் கிடந்தவனைப் பார்த்தாள்.

"இப்போ வண்டி மட்டுந்தான் இல்ல."