செங்கசத்து மீன்

“டார்ச்ச இங்கயே வச்சிட்டு இறங்குங்க,” என்றாள் பியூலா.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் அமல்தாஸ் சிரித்தான். “யக்கா, அடியில ஒண்ணுந் தெரியாது. கையால தடவியா புடிக்கச் சொல்லுறிய?”

தடவித்தான் பிடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் மீன் ஆராய்ச்சிக்காக இதே கசத்துக்கு வந்தவள்தான் அவள். அகத்தியமலைக் காட்டாற்றின் நடுவே ஆழமான மடு. மீன்களுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது என்று கல்லூரியில் படித்ததை நம்பி, சிவப்பு டார்ச்சோடு மூன்று நாள் இறங்கித் தேடினாள். ஒன்றும் தென்படவில்லை. வழிகாட்ட வந்த, அந்த மலையிலேயே வாழும் காணிக்காரர் மல்லன் உள்ளே மீன் உண்டு என்று அப்போதே அடித்துச் சொன்னார். பியூலா அம்மணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அறிக்கையில் ‘மீன் இல்லை’ என்று எழுதினாள். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் ஆற்றை மலைக்கு அப்பால் திருப்பும் சுரங்கத்துக்கு அனுமதி வாங்கினார்கள். நாளைக் காலை அது திறக்கப்போகிறது!

போன மாதம் மல்லன் அந்தக் கசத்து மீனின் கருவாடு ஒன்றை அனுப்பிவைத்தார். அதன் மரபணுவைப் பார்த்ததும் பியூலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிவப்பை உணரும் நிறமியை உண்டாக்கும் மரபணு அதில் மூன்று பிரதிகளாகப் பெருகியிருந்தது. இலைகள் ஊறி ஊறிப் பால் விடாத கட்டஞ்சாயா போலிருக்கும் அந்தத் தண்ணீரில் நீலமும் பச்சையும் அடிவரை போவதில்லை, சிவப்புதான் போகும். ஆயிரமாயிரம் தலைமுறைகளாக அதைப் பார்க்கத் தெரிந்த மீனே இரை தேடிப் பிழைத்திருக்கிறது. அவள் டார்ச்சைக் கண்டுதான் எல்லாம் பாறை இடுக்குக்குள் ஓடி ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு பெரிய மடத்தனம்!

கருவாடெல்லாம் சாட்சியாகாது, உயிரோடு கொண்டுவா என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

அமல்தாஸ் மூச்சடக்கிப் பாய்ந்தான். முதல் முறை வெறுங்கை. இரண்டாம் முறை தோளில் ரத்தம். மூன்றாம் முறை வலைப்பையில் மூன்று மீன்கள் துள்ளின! பியூலா அழுதே விட்டாள்.

இந்த முறையும் கூட வந்திருந்த மல்லன் கயிறு கட்டி அருவியோரமாகவே குறுக்குவழியில் இருவரையும் இறக்கினார். பாசியில் வழுக்கி இடுப்பளவு நீரில் விழுந்தபோதும் அமல்தாஸ் மீன் கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். நாலு மணிக்கு அலுவலகத்தைத் தொட்டுவிட்டார்கள்.

அதிகாரி அசந்துபோனார். கைகுலுக்கினார், படம் எடுத்துக்கொண்டார். பிறகு பழைய கோப்பைப் பிரித்தார்.

“இல்லைன்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க?”

மறுபடி ஆய்வுக் குழு போட மூன்று மாதம் ஆகுமாம். சுரங்கம் மறுநாள் சொன்ன நேரத்துக்குத் திறந்தது. ஒன்பதே நாளில் கசம் வெறும் பாறையாயிற்று.

மீனுக்குப் பியூலாவின் பெயரையே வைத்தார்கள். பாராட்டு விழாவும் நடந்தது. அந்த இடத்தில் வாழ்கிறவர் சொல்வதை முதலில் நம்புங்கள் என்று மேடையில் மாணவர்களுக்குச் சொன்னாள். கைதட்டல் காதைப் பிளந்தது. அவளுக்கோ எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் மல்லன் போனில் கூப்பிட்டார்.

“டீச்சரே, அந்த மூணுல ஆணு உண்டா?”

“இல்லண்ணே,” என்றாள். “மூணும் பெண்ணுதான்.”

அவர் போனை வைத்துவிட்டார்.